கணினியில் இசையின் ஒலித்தரம்

கணினியில் இசையின் ஒலித்தரம் என்பது, கணினியில் சேமிக்கப்பட்ட ஓர் இசைக் கோப்பு கேட்பவரின் காதை அடையும்போது, அது மூலப் பதிவுக்கு எந்த அளவுக்கு நெருக்கமாக ஒலிக்கிறது என்பதைக் குறிக்கும். கோப்பு, அதை இயக்கும் மென்பொருள், இயக்குதளம், ஒலி அட்டை, மிகைப்பி, ஒலிபெருக்கி, கேட்கும் அறை ஆகிய ஒவ்வொன்றும் இத்தரத்தைப் பாதிக்கின்றன. இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியிலும் ஒலியின் ஒரு பகுதி தொலைந்து போகலாம். ஒரு கண்ணியில் தொலைந்ததை அடுத்த கண்ணி மீட்டுத் தராது. பெரிய இழப்புகள் பெரும்பாலும் சங்கிலியின் இரு முனைகளில், அதாவது கோப்பிலும் ஒலிபெருக்கியிலும் நிகழ்கின்றன. ஆனால் பயனர்கள் பலர் நடுவில் உள்ள கருவிகளுக்கே அதிகம் செலவிடுகின்றனர்.

இக்கட்டுரையில் நாகசுரம், தவில், பழைய தமிழ் இசைத்தட்டுகள், ஒலிநாடாக்கள் ஆகியவை எடுத்துக்காட்டுகளாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. நாகசுரமும் தவிலும் ஒலிப்பதிவுக் கருவிகளின் குறைகளை எளிதில் வெளிக்காட்டி விடுபவை. மேலும், திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரத்தின் பழைய பதிவுகள் பல இன்று தரம் குறைந்த நகல்களாகவே கணினிகளில் உலவுகின்றன.

ஒலி எண்ணாக மாறுதல்

ஒலி என்பது காற்றழுத்தத்தில் ஏற்படும் தொடர்ச்சியான மாற்றம். கணினி இத்தொடர்ச்சியை அப்படியே வைத்துக்கொள்வதில்லை. குறிப்பிட்ட கால இடைவெளிகளில் அதை அளந்து, அளவுகளை எண்களாகச் சேமிக்கிறது. இவ்வாறு அளக்கப்படும் ஒவ்வொன்றும் மாதிரி எனப்படும். குறுந்தகட்டில் ஒரு நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட் அளவில், இரண்டு தடங்களில் பதியப்படுகின்றன. ஆகவே ஒரு நொடி இசைக்கு ஏறத்தாழ 14 இலட்சம் பிட்டுகளும், ஒரு நிமிடத்துக்கு 10 மெகாபைட்டுக்குச் சற்று அதிகமான இடமும் தேவைப்படுகின்றன.

44,100 என்ற எண்ணிக்கை மனிதக் காதின் எல்லையை ஒட்டி அமைந்தது. இளம் வயதினரால் 20 முதல் 20,000 ஹெர்ட்சு வரையிலான அதிர்வெண்களைக் கேட்க இயலும். ஓர் அதிர்வெண்ணைச் சரியாகப் பதிய, அதைப்போல் இருமடங்குக்கு மேற்பட்ட மாதிரிகள் போதும் என்பது நைக்குவிசிட்டு, சானன் ஆகியோரின் பெயரால் வழங்கும் தேற்றம். அளந்த புள்ளிகளுக்கு நடுவே இருந்தது தொலைந்து விடுகிறது என்று பலர் கருதுவது தவறு. அந்த எல்லைக்கு உட்பட்ட அலை முழுமையாகத் திரும்பக் கிடைக்கிறது. பிட்டுகளின் எண்ணிக்கை, மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே பதியக்கூடிய வேறுபாட்டைத் தீர்மானிக்கிறது. ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 6 டெசிபல் என்ற கணக்கில், 16 பிட்டில் ஏறத்தாழ 96 டெசிபல் கிடைக்கும். வீட்டில் இசை கேட்பதற்கு இது தாராளம்.

கோப்பு

எம்பி3 என்பது 1993 இல் வெளியான எம்பெக்-1 செந்தரத்தின் ஒலிப் பகுதியைச் சேர்ந்த சுருக்க முறை. அது கோப்பைச் சிறிதாக்குவதற்காக, காது கவனிக்காது என்று கணிக்கப்படும் ஒலிகளை நீக்கி விடுகிறது. உரத்த ஒலி ஒன்று, அதை அடுத்த அதிர்வெண்ணில் உள்ள மெல்லிய ஒலியை மறைத்து விடும் என்பதே இக்கணிப்பின் அடிப்படை. நொடிக்கு 128 கிலோபிட் அளவில் அமைந்த எம்பி3 கோப்பு, குறுந்தகட்டுத் தரவில் பதினொன்றில் ஒரு பங்கே ஆகும். பேச்சுக்கும் எளிய பாடல்களுக்கும் இது ஓரளவு பொருந்தும். கருநாடக இசைக் கச்சேரியில் இதன் குறை வெளிப்படுகிறது.

முதலாவது குறை தம்புராவில் தெரியும். தம்புராவின் ஒலி இடையறாது மெல்ல மாறிக்கொண்டே இருக்கும் பல மேற்சுரங்களின் தொகுப்பு. குறைந்த பிட் வீதத்தில் அந்த மேற்சுரங்கள் ஒரு கணம் நீக்கப்பட்டும் மறு கணம் சேர்க்கப்பட்டும் வருவதால், தம்புரா நீருக்கடியில் ஒலிப்பதைப் போன்ற சலசலப்பு தோன்றும். இரண்டாவது குறை தவிலில் தெரியும். தவிலின் வலந்தலையில் விரற்கூடு விழும் ஓசை மிகக் குறுகிய நேரத்தில் எழுந்து அடங்குவது. எம்பி3 முறையோ ஒலியைச் சிறு கட்டங்களாக வெட்டி ஆராய்கிறது. நீண்ட கட்டம் ஒன்றின் நடுவே அடி விழுந்தால், சுருக்கத்தால் உண்டாகும் பிழை அக்கட்டம் முழுதும் பரவி, அடிக்கு முன்னரே மெல்லிய இரைச்சலாகக் கேட்கும். இதனை முன்னெதிரொலி என்பர். நல்ல குறியேற்றிகள் அடி வரும் இடத்தில் குறுகிய கட்டங்களுக்கு மாறி இதைக் குறைக்கின்றன. விரைவாகத் தவில் ஒலிக்கும் தனியாவர்த்தனத்தில் அவையும் தடுமாறுவது உண்டு.

பிட் வீதத்தை 256 அல்லது 320 கிலோபிட்டாக உயர்த்தினால் இக்குறைகள் பெரும்பாலும் மறைந்து விடும். ஆனால் ஒரு கோப்பின் பெயரில் 320 என்று இருப்பதால் மட்டும் அதில் அத்தரம் இருப்பதாகக் கொள்ள முடியாது. 128 கிலோபிட் கோப்பை 320 ஆக மாற்றிச் சேமித்தால் கோப்பு பெரிதாகுமே தவிர, இழந்தது திரும்பாது. இரண்டாம் முறை சுருக்கப்படுவதால் தரம் மேலும் சிறிது குறையவும் கூடும். காணொளித் தளங்களிலிருந்து எடுக்கப்பட்டு "உயர்தரம்" என்ற பெயரில் பகிரப்படும் பாடல்கள் பல இவ்வகையைச் சேர்ந்தவை. இதைக் கண்டறிய எளிய வழி உண்டு. ஆடாசிட்டி போன்ற கட்டற்ற மென்பொருளில் கோப்பைத் திறந்து நிறமாலைத் தோற்றத்தைப் பார்த்தால், 16 கிலோஹெர்ட்சு அளவில் கத்தியால் வெட்டியது போல ஒலி நின்று விட்டிருக்கும். பெரும்பாலும் அது 128 கிலோபிட் மூலத்தின் அடையாளம்.

2001 இல் வெளியான ஃபிளாக், இழப்பற்ற சுருக்க முறை. இது கோப்பைப் பெரும்பாலும் பாதி அளவுக்கு நெருங்கச் சுருக்கினாலும், இயக்கும்போது மூல எண்கள் ஒன்று விடாமல் திரும்பக் கிடைக்கும். கையில் குறுந்தகடு உள்ளவர்கள் அதை ஃபிளாக் வடிவில் எடுத்து வைப்பதே சிறந்தது. தேவையானபோது அதிலிருந்து எம்பி3 செய்து கொள்ளலாம். மறுபக்கம் செல்ல வழி இல்லை.

பழைய தமிழ்ப் பதிவுகள்

இந்தியாவில் இசைத்தட்டுப் பதிவு 1902 இல் கொல்கத்தாவில் தொடங்கியது. 1925 அளவில் மின்முறைப் பதிவு அறிமுகமாகும் வரை, பாடுபவர் ஒரு கூம்பினுள் உரக்கப் பாட, அந்த அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் தடம் இட்டது. நிமிடத்துக்கு 78 சுற்றுகள் சுழலும் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசையே அடங்கும். 1933 இல் இளம் வயதில் மறைந்த செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவின் குரல் நமக்கு இத்தகைய தட்டுகளின் வழியாகவே கிடைக்கிறது. திருவாவடுதுறை டி. என். இராசரத்தினம் பிள்ளையின் தோடி இராகமும் தட்டு வழியாகவே ஊர் ஊராகப் பரவியது. அவருடைய மாணவரும், கோவில்பட்டியில் வாழ்ந்தவருமான காருகுறிச்சி ப. அருணாசலம் (1921–1964), 1962 இல் வெளிவந்த கொஞ்சும் சலங்கை திரைப்படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு வாசித்த "சிங்கார வேலனே தேவா" பாடலால் இன்றும் பரவலாக அறியப்படுகிறார்.

நாகசுரத்தைப் பதிவது கடினம். சீவாளியால் ஒலிக்கும் இக்கருவி மிகுந்த உரப்புடையது, மேற்சுரங்கள் நிறைந்தது. 500 ஹெர்ட்சில் ஒரு சுரம் வாசிக்கப்பட்டால் 1000, 1500, 2000 என்று அதன் மடங்குகளும் வலுவாக ஒலிக்கும். அவற்றின் அளவே நாகசுரத்தைப் புல்லாங்குழலிலிருந்து வேறுபடுத்திக் காட்டுகிறது. பழைய கருவிகள் மேல் அதிர்வெண்களை வெட்டியதால், இசைத்தட்டில் நாகசுரம் சற்று மூக்கடைத்தாற்போல் கேட்கும். இதைச் சரிசெய்வதாக எண்ணி மென்பொருளில் உயர் அதிர்வெண்ணைக் கூட்டினால், இல்லாத மேற்சுரம் வருவதில்லை. ஊசியின் உராய்வு இரைச்சலே கூடும்.

தட்டைக் கணினிக்கு மாற்றும்போது கவனிக்க வேண்டியவை பல. 78 சுற்றுத் தட்டின் தடம் நெடுநேர இசைத்தட்டின் தடத்தை விட அகலமானது. நெடுநேரத் தட்டுக்கான ஊசியின் முனை ஏறத்தாழ 0.025 மில்லிமீட்டர், பழைய தட்டுக்கு ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர் தேவை. சிறிய ஊசி தடத்தின் அடியில் தேங்கிய தூசியை உரசிக்கொண்டு செல்லும். பழைய தட்டுகள் ஒற்றைத் தட ஒலி கொண்டவை. அவற்றை இருதட ஊசியால் இயக்கி, பிறகு இரு தடங்களையும் ஒன்றாகக் கூட்டினால், ஊசியின் மேல்கீழ் அசைவால் எழும் இரைச்சல் ஒன்றை ஒன்று அழித்துவிடும். செலவில்லாத இந்தச் செயல், விலை உயர்ந்த இரைச்சல் நீக்கி மென்பொருளை விடப் பல நேரங்களில் அதிகப் பயன் தரும்.

வேகமும் முக்கியம். தொடக்க காலத் தட்டுகள் எல்லாம் சரியாக 78 சுற்றில் பதியப்படவில்லை. 75 சுற்றில் பதிந்ததை 78 சுற்றில் இயக்கினால், சுருதி ஓர் அரைச்சுரத்தில் மூன்றில் இரண்டு பங்கு உயர்ந்துவிடும். பாடகரின் குரல் இளமையாகவும் பாட்டு விறுவிறுப்பாகவும் தோன்றும். அக்காலத்தவர் எல்லோரும் மிகுந்த சுருதியில் பாடினர் என்ற பேச்சின் ஒரு பகுதிக்கு இதுவே காரணமாக இருக்கலாம். பக்க வாத்தியமாக ஆர்மோனியம் இருந்தால், அதன் சுருதியை வைத்து வேகத்தை ஓரளவு திருத்த முடியும்.

ஒலிநாடாவில் வேறு சிக்கல்கள். 1980களிலும் 1990களிலும் தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் ஒலிப்பதிவுக் கடைகள் இருந்தன. வேண்டிய பாடல்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், கடைக்காரர் வெற்று நாடாவில் பதிந்து தருவார். இவை நகலின் நகல்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் சீறல் கூடி, தெளிவு குறைந்தது. வானொலியிலிருந்து பிடித்த நாடாக்களும் உண்டு. 1963 இல் தொடங்கிய திருநெல்வேலி வானொலி நிலையமும், கடலுக்கு அப்பாலிருந்து ஒலித்த இலங்கை வானொலியும் இப்பகுதி மக்களின் இசைச் சேமிப்பை உருவாக்கியவை. மத்திய அலை ஒலிபரப்பில் சுமார் 5 கிலோஹெர்ட்சுக்கு மேல் இசை கிடைப்பது அரிது என்பதால், அத்தகைய நாடாவை எவ்வளவு உயர்ந்த மாதிரி வீதத்தில் பதிந்தாலும் மேலே இருப்பது சீறல் மட்டுமே.

நாடாவை இயக்கும் தலை, நாடா செல்லும் திசைக்குச் சரியாகச் செங்குத்தாக இருக்க வேண்டும். சிறிது சாய்ந்தாலும் உயர் அதிர்வெண்கள் மங்கிவிடும். பதிந்த கருவியின் தலை சாய்ந்திருந்தால், இயக்கும் கருவியின் தலையும் அதே அளவு சாய வேண்டும். தலையின் பக்கத்தில் உள்ள சிறு திருகை, இரு தடங்களையும் ஒன்றாகக் கேட்டபடி மெல்லத் திருப்பி, ஒலி மிகத் தெளிவாகும் இடத்தில் நிறுத்தலாம். ஒலிநாடாக்களைக் கணினியில் ஏற்றுவோர் பெரும்பாலும் தவிர்த்து விடும் செயல் இது. பலன் மிகப் பெரிது.

பன்னாட்டு ஒலி, காட்சி ஆவணக் காப்பகங்களின் சங்கம், இத்தகைய பதிவுகளைக் குறைந்தது 48 கிலோஹெர்ட்சு, 24 பிட் அளவில் மாற்றிச் சேமிக்கப் பரிந்துரைக்கிறது. பதியும்போது அளவைச் சற்றுத் தாழ்த்தி வைக்க இந்தக் கூடுதல் பிட்டுகள் உதவும். எதிர்பாராத உரத்த ஒலி வந்தாலும் அலையின் தலை வெட்டப்படாது. இரைச்சல் நீக்காத மூலக் கோப்பைத் தனியே வைத்துக்கொண்டு, நகலில் மட்டுமே திருத்தம் செய்ய வேண்டும். தட்டின் சொடுக்கொலிகளை நீக்கும் மென்பொருள் தவிலின் விரலடியையும் சொடுக்கு என்று எண்ணி நீக்கிவிடுவது வழக்கம். சீறலை நீக்கும் மென்பொருளோ தம்புராவையும் மூச்சொலியையும் சேர்த்துத் துடைத்துவிடும்.

இவ்வகைப் பணியில் காலம் தாழ்த்துவது ஆபத்தானது. தாமிரபரணிக் கரையில் உள்ள ஏரல் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2023 திசம்பர் 17, 18 ஆம் நாள்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த மழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. ஆற்று வெள்ளம் ஏரலில் வீடுகளுக்குள்ளும் கடைவீதியிலும் புகுந்தது, பாலமும் சேதமடைந்தது. தரைத்தளத்து அலமாரியில் வைக்கப்படும் நாடாவும் தட்டும் இத்தகைய வெள்ளத்துக்குத் தப்புவது அரிது. அதன் பிறகு எஞ்சுவது, யாரோ ஒருவர் முன்பு எடுத்து வைத்த கோப்பு மட்டுமே. அது 64 கிலோபிட் எம்பி3 ஆக இருந்தால், அந்த இசையின் மூலம் இனி அதுதான்.

சேறு படிந்த நாடாவை அப்படியே இயக்கிப் பார்க்கக் கூடாது. சேறு உலருமுன் தூய நீரில் அலசி, வெப்பமூட்டாமல் நிழலில் காற்றோட்டமாக உலர்த்த வேண்டும். 78 சுற்றுத் தட்டு அரக்கால் ஆனது. அதைச் சாராயம் கலந்த துப்புரவு நீர்மங்களால் துடைத்தால் அரக்குக் கரைந்து தடம் அழிந்துவிடும்.

இயக்குதளமும் மென்பொருளும்

ஒரே நேரத்தில் பல மென்பொருள்கள் ஒலி எழுப்பக்கூடும் என்பதால், இயக்குதளம் அவை எல்லாவற்றையும் ஒரே மாதிரி வீதத்துக்கு மாற்றிக் கலக்கிறது. பாடல் 44.1 கிலோஹெர்ட்சிலும் ஒலி அட்டை 48 கிலோஹெர்ட்சிலும் இருந்தால் இடையில் ஒரு மாற்றம் நிகழும். 1997 இல் இன்டெல் வகுத்த ஏசி'97 முறையில் அமைந்த ஒலி அட்டைகள் பலவும் 48 கிலோஹெர்ட்சில் மட்டுமே இயங்கின. அவற்றில் இம்மாற்றம் செம்மையற்று நடந்ததால் ஒலியில் கரகரப்பு ஏற்பட்டது. இணைய மன்றங்களில் இன்றும் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் அறிவுரைகள் பல அக்காலத்தில் பிறந்தவை. இக்கால இயக்குதளங்களில் மாற்றத்தின் தரம் உயர்ந்துவிட்டது. ஆயினும் பெரும்பாலும் குறுந்தகட்டு இசை கேட்பவர், இயக்குதளத்தின் ஒலி அமைப்பில் வெளியீட்டை 44.1 கிலோஹெர்ட்சு, 24 பிட் என்று அமைத்துக்கொள்ளலாம். விண்டோசில் தனியுரிமை முறை எனப்படும் வழியும், லினக்சில் அல்சா வழியான நேரடி வெளியீடும் கலவையைத் தவிர்த்து எண்களை மாற்றமின்றிக் கருவிக்கு அனுப்பும்.

கோப்பைப் பிழையின்றி விரிக்கும் எந்த மென்பொருளும் ஒரே எண்களையே தரும். ஆகவே ஃபூபார்2000 இல் ஒரு வகையாகவும் விஎல்சியில் வேறு வகையாகவும் பாடல் ஒலிப்பதாகத் தோன்றினால், ஏதோ ஒன்றில் சமனாக்கி அல்லது ஒலி அளவு வேறாக அமைந்திருக்கிறது என்று கொள்ள வேண்டும். மடிக்கணினி நிறுவனங்கள் முன்கூட்டியே நிறுவித் தரும் "ஒலி மேம்பாடு" அமைப்புகளை முதலில் நிறுத்துவது நல்லது. அவை சிறிய ஒலிபெருக்கிகளின் குறையை மறைப்பதற்காகத் தாழ்சுரத்தைக் கூட்டி, உரப்பு வேறுபாட்டை நசுக்குபவை. ஆலாபனையில் மெல்லத் தொடங்கி உயரும் எழுச்சி அதனால் தட்டையாகிவிடும்.

ஒலி அளவு

காது சற்று உரத்த ஒலியையே சிறந்த ஒலியாக எடுத்துக்கொள்ளும். இசை வெளியீட்டாளர்கள் இதை அறிந்து, 1990களிலிருந்து பதிவுகளின் சராசரி உரப்பை ஏற்றிக்கொண்டே சென்றனர். "புதுப்பிக்கப்பட்ட" பதிப்பு என்று விற்கப்படும் பழைய திரைப்பாடல் தொகுப்பு, முதலில் வந்த குறுந்தகட்டை விட மோசமாக இருப்பது இதனால்தான். அலையின் உச்சிகள் தட்டையாக வெட்டப்பட்டிருப்பதை ஆடாசிட்டியில் கண்ணால் காணலாம். பாடல்களுக்கு இடையே உரப்பு வேறுபாட்டைச் சமன் செய்ய, 2001 இல் முன்மொழியப்பட்ட ரீப்ளேகெயின் முறை உதவும். இது இசை எண்களைத் தொடாமல், இயக்கும்போது எவ்வளவு தாழ்த்த வேண்டும் என்ற குறிப்பை மட்டும் கோப்பில் எழுதுகிறது.

சமனாக்கியில் ஒரு பட்டையை 6 டெசிபல் உயர்த்துபவர், மொத்த அளவை அதே 6 டெசிபல் தாழ்த்த வேண்டும். இல்லாவிட்டால் அலை எல்லை மீறி வெட்டுப்பட்டு, நாகசுரம் போன்ற கருவிகளில் கிழிந்த ஒலி கேட்கும்.

ஒலி அட்டையும் மின்சாரமும்

எண்களை மீண்டும் மின்னலையாக மாற்றும் பகுதி கணினியின் தாய்ப்பலகையிலேயே உள்ளது. அதன் தரம் இன்று பெரும்பாலும் போதுமானது. சிக்கல் அதன் சுற்றுப்புறத்தில் உள்ளது. செயலி, விசிறி, வன்தட்டு ஆகியவற்றின் மின்னிரைச்சல் ஒலிச் சுற்றில் கசிந்து, சுட்டியை நகர்த்தும்போது கிரீச்சிடும் ஒலியாகக் கேட்பது உண்டு. யுஎஸ்பி வழியாக இணைக்கும் வெளி ஒலிமாற்றி இதைத் தீர்க்கும். இந்த ஒலி கேட்காதவருக்கு வெளி ஒலிமாற்றியால் பெரும் பயன் இல்லை.

50 அல்லது 100 ஹெர்ட்சில் ஓயாத இரைவொலி கேட்டால், காரணம் பெரும்பாலும் நிலத்தொடுப்பு. மடிக்கணினியின் மின்னேற்றியைக் கழற்றியதும் இரைவு நின்றால் அதை உறுதி செய்யலாம். கணினியையும் மிகைப்பியையும் ஒரே மின்பலகையில் இணைத்தால் பலமுறை சரியாகிவிடும். செருகியின் நிலத்தொடுப்பு முளையை நீக்கிவிடுவது உயிருக்கு ஆபத்தானது. மின்தடையின்போது சதுர அலை இன்வெர்ட்டரில் இயங்கும் மிகைப்பியில் எழும் உறுமலுக்கு ஒலிக் கருவிகள் பொறுப்பல்ல. கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் 3.5 மில்லிமீட்டர் செருகிகளும் துளைகளும் களிம்பேறி, ஒரு பக்க ஒலி விட்டு விட்டு வரும். தொடுமுனைத் துப்புரவுத் தெளிப்பால் அதைச் சரிசெய்யலாம்.

ஒலிபெருக்கியும் அறையும்

ஒலிபெருக்கிகளுக்கிடையே உள்ள வேறுபாடு, ஒலி அட்டைகளுக்கிடையே உள்ளதைப் போலப் பல மடங்கு. செலவிட ஒரு தொகை இருந்தால் அதன் பெரும்பகுதியை இதற்கே ஒதுக்க வேண்டும். இரு ஒலிபெருக்கிகளும் கேட்பவரின் தலையும் சமபக்க முக்கோணமாக அமைய, உயர்சுர ஒலிப்பான் காது மட்டத்தில் இருக்க வேண்டும். மேசையின் கீழேயோ சுவர் மூலையிலோ வைத்தால் தாழ்சுரம் வீங்கி, மிருதங்கத்தின் தொப்பி மற்றவற்றை மூடிவிடும்.

நம் ஊர்களின் அறைகள் சிமெண்டுச் சுவரும் ஓடு பதித்த தளமும் கொண்டவை. அறையின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டினால், தொடர்ந்து ஓர் உலோகத் துடிப்பு கேட்கும். ஒவ்வொரு தவிலடிக்கும் அதே துடிப்பு சேர்ந்துகொள்ளும். மெத்தையிட்ட கட்டில், கனத்த திரைச்சீலை, புத்தகங்கள் நிறைந்த அலமாரி ஆகியவை இதை உறிஞ்சும். பத்தமடைப் பாய் அழகானது. ஆனால் மெல்லியது என்பதால் இதற்குப் பெரிதும் உதவாது. இவ்வசதி இல்லாதவர்க்குத் தலையணி ஒலிபெருக்கியே சிக்கனமான வழி. கம்பியில்லா வகையில் புளூடூத்து மறுபடியும் ஒரு இழப்புச் சுருக்கத்தைச் செய்கிறது என்பதால் கம்பியுள்ளதே மேல்.

ஏரல் அருணாசல சுவாமி கோயிலின் ஆடி அமாவாசை போன்ற திருவிழாக்களில் கூம்பு ஒலிபெருக்கி வழியாக நாகசுரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, நடு அதிர்வெண்கள் மட்டும் ஓங்கிய அந்த ஒலியே இயல்பானதாகப் படும். நல்ல ஒலிபெருக்கியில் முதன்முறை கேட்கும்போது இசை மந்தமாகத் தோன்றலாம். சமனாக்கியைத் தொடாமல் சில நாள்கள் கேட்டால், கூம்பு காட்டாத தவிலின் தொப்பியும் ஒத்தின் ஆதார சுருதியும் தெரிய வரும்.

கண்மறைப்புச் சோதனை

விலை உயர்ந்த யுஎஸ்பி கம்பி, சிறப்பு மின்கம்பி ஆகியவற்றால் ஒலி மேம்படும் என்ற கூற்றுகள் அடிக்கடி எழுகின்றன. எண்கள் பிழையின்றிச் சென்று சேர்ந்தால் கம்பியின் விலை ஒலியில் தெரிய வழி இல்லை. ஐயம் உள்ளவர் கண்மறைப்புச் சோதனை செய்து பார்க்கலாம். ஃபூபார்2000 மென்பொருளுக்கான இணைப்பு ஒன்று, இரு கோப்புகளைப் பெயர் காட்டாமல் மாற்றி மாற்றி ஒலித்து, எது எது என்று கேட்கும். இரு கோப்புகளின் உரப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். பதினாறு முறையில் பன்னிரண்டு முறையாவது சரியாகச் சொன்னால் வேறுபாடு கேட்கிறது எனக் கொள்ளலாம். எட்டு முறை என்பது நாணயம் சுண்டுவதற்குச் சமம். தம் பழைய 128 கிலோபிட் கோப்பையும் குறுந்தகட்டு மூலத்தையும் இவ்வாறு ஒப்பிட விரும்புவோர், குரல் மட்டும் உள்ள பகுதியை விட்டுவிட்டுத் தனியாவர்த்தனத்தின் தொடக்கத்தை எடுத்துக்கொள்வது நல்லது.